பிரேசில் கடற்கரையில் மீன் சாப்பிட: ரேட்டிங்கை மூடிவச்சுட்டு சட்டியைப் பாருங்க

(இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கொஞ்சம் பசியோட கேளுங்க, இல்லேன்னா சாப்பிட்டுட்டு வந்து கேளுங்க. நடுவுல நிறுத்திட்டு மீன் வாங்கக் கிளம்பினா நான் பொறுப்பில்லை.

போன வருஷம் நானும் என் காலேஜ் ரூம்மேட்டும் பிரேசில் கடற்கரையோரமா ஊர் ஊரா சுத்தினோம். கிளம்புறதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். எக்செல் ஷீட். 4.5 ஸ்டாருக்கு மேல இருக்கிற கடல் உணவு ரெஸ்டாரன்ட் மட்டும் 43. ஊர், விலை, பீச்சிலிருந்து தூரம் எல்லாம் போட்டு, கலர் அடிச்சு வச்சிருந்தேன்.

எங்க டீம்ல ஒருத்தர் பிரேசில்காரர், விட்டோரியாவில் பிறந்தவர். அவர்கிட்ட ஷீட்டை அனுப்பினேன். பாராட்டுவார்னு நினைச்சேன். அவர் ஒரே ஒரு தலைப்பைப் புதுசா சேர்த்துத் திருப்பி அனுப்பினார்: "இது அந்த ஊர்ச் சாப்பாடா?" 43-ல முப்பதுக்கு மேல "இல்லை"ன்னு அவரே நிரப்பியிருந்தார். முக்கால்வாசி இடத்துல எந்த ஊர் பீச்சுலயும் கிடைக்கிற அதே வறுத்த மீன், அதே பொரிச்ச இறால், அதே ஃப்ரெஞ்சு ஃப்ரை.

இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. என் நண்பனுக்கு இறால் அலர்ஜி. லேசா அரிக்கிற அலர்ஜி இல்ல. ரெண்டாம் வருஷம் ஹாஸ்டல்ல இருந்து ராத்திரியில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அலர்ஜி. பையில அட்ரினலின் ஊசியோடதான் பயணம். அதனால ஒவ்வொரு இடத்துலயும் "இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?"ன்னு கேட்காம வாயில வைக்க முடியாது. அந்தப் பயணத்துல நான் கத்துக்கிட்டதெல்லாம் அந்த ஒரு கேள்வியில இருந்து வந்ததுதான்.

ஒரு நாடு, பல கடற்கரை

பிரேசிலோட கடற்கரை 7,400 கிலோமீட்டருக்கு மேல நீளம். வடக்கே அமேசான் முகத்துவாரம், வடகிழக்கில் வெயில் கொளுத்துற மணல் கடற்கரை, நடுவுல ஆப்பிரிக்க வாசனை வீசும் பாயியா, தெற்கே குளிர்ந்த கடல். தண்ணீர் மாறுது, மீன் மாறுது, வந்து குடியேறின மக்கள் மாறுறாங்க. அதனால "பிரேசில் கடல் உணவு"ன்னு ஒண்ணு கிடையாது. வடக்கிலிருந்து தெற்கே போற வரிசையிலேயே சொல்றேன்.

பெலேம்: அசாயியும் வறுத்த மீனும்

பெலேம் திறந்த கடல்ல இல்ல, முகத்துவார விரிகுடாவில் இருக்கு. ஆனா இங்கேயே தொடங்கணும். அங்கே வேர்-ஓ-பேசோன்னு ஒரு பெரிய பழைய சந்தை. பேருக்கு "எடையைப் பார்"னு அர்த்தம். காலனி காலத்தில் சரக்கை நிறுத்து வரி வாங்கின இடம் அது. சந்தைக்குள்ள வரிசையா சாப்பாட்டுக் கடைகள். உயரமான ஸ்டூல்ல உட்கார்ந்து, வறுத்த மீனும் ஒரு கிண்ணம் அசாயியும் சாப்பிடணும்.

நம்ம ஊர் கஃபேக்கள்ல அசாயி பௌல்னா தேன், கிரனோலா, வாழைப்பழம் எல்லாம் போட்ட டெசர்ட். பெலேம்ல அது டெசர்ட் இல்ல, சோறு மாதிரி. சர்க்கரை இல்லாம, கெட்டியா, கொஞ்சம் மண்வாசனையோட இருக்கும். மேல மரவள்ளி மாவைத் தூவி, மீனைத் தொட்டுக்குவாங்க. முதல் வாய் எனக்குப் பிடிக்கல. மூணாவது வாயில, மீனோட உப்பும் எண்ணெயும் சேர்ந்தப்ப, ஏன் இப்படிச் சாப்பிடுறாங்கன்னு புரிஞ்சுது.

ஃபோர்டலேசா: வியாழக்கிழமை நண்டு

ஃபோர்டலேசாவில் வியாழக்கிழமை ராத்திரி நண்டு ராத்திரி. பிரையா டோ ஃபுட்டுரோ பீச்சுல பரகான்னு சொல்ற பெரிய பெரிய கடற்கரைக் கடைகள் இருக்கு. அதுல பேர் போனது ஷிகோ டோ கரங்கேஜோ. பேர்லயே நண்டு இருக்கு. முழு நண்டு, ஒரு சின்னப் பலகை, ஒரு மரச் சுத்தியல் கொடுப்பாங்க. உடைச்சு, உறிஞ்சி, கையெல்லாம் ஒழுக சாப்பிடணும். பக்கத்துல முந்திரிப்பழ ஜூஸ். முந்திரிக்குச் சொந்த ஊரே பிரேசிலோட வடகிழக்குதான். போர்ச்சுகீசியர் கப்பல்ல நம்ம பக்கம் வந்த மரம் அது.

இந்த நண்டு சதுப்புக் காட்டு நண்டு. சேத்துல தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு ஒவ்வொண்ணா பிடிக்கிறாங்க. வருஷத் தொடக்க மாதங்கள்ல, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, இணை சேர நண்டுகள் கூட்டமா வளையை விட்டு வெளியே வரும். அந்தச் சில நாள் பிடிக்கவும் விற்கவும் சட்டப்படி தடை. அந்த நாள்ல போனா "இன்னைக்கு நண்டு இல்லை"ன்னு சொல்ற கடையை நம்புங்க.

நண்பனுக்கு நண்டும் ஆகாது. அதனால அடுத்த நாள் முகுரிபே மீன் சந்தைக்குப் போனோம். அங்கே ஒரு கடையில மீனைத் தேர்ந்தெடுத்து எடை போட்டு வாங்கிட்டு, பக்கத்துக் கடையில கொடுத்தா சமைச்சுத் தருவாங்க. எல்லாரும் இறாலைப் பூண்டு போட்டு வறுக்கக் கொடுக்கிறாங்க. நாங்க மட்டும் மீனைக் கொடுத்து, தனி வாணலி, புது எண்ணெய்னு கையைக் காலை ஆட்டிக் கேட்டு வாங்கினோம்.

சந்தைக்குப் பக்கத்துல மணல்ல பாய்மரத்தோட ஜங்காடாக்கள் நின்னுச்சு. பழைய ஜங்காடான்னா ஆறு மரத்துண்டைச் சேர்த்துக் கட்டின தெப்பம். நம்ம கட்டுமரம் மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. ஆனா உண்மையான தொடர்பு பேர்ல இருக்கு. மலையாளத்துல தெப்பத்துக்கு சங்ஙாடம்னு பேர். தமிழ்லயும் இரட்டைத்தோணிக்குச் "சங்கடம்"னு ஒரு பழைய சொல் உண்டு. போர்ச்சுகீசியர் மலபார் கரையில கேட்ட அந்தச் சொல்லைக் கொண்டுபோய் பிரேசில் மீனவரோட தெப்பத்துக்கு வச்சுட்டாங்க.

1941-ல ஃபோர்டலேசா மீனவர்கள் நாலு பேர் இப்படி ஒரு ஜங்காடாவில், திசைகாட்டி கூட இல்லாம, 61 நாள் பயணம் பண்ணி ரியோவுக்குப் போனாங்க. பிடிச்ச மீன்ல பாதி தெப்பத்தோட முதலாளிக்குப் போகுது, எங்களுக்கு ஓய்வூதியம் கிடையாதுன்னு ஜனாதிபதி வர்காஸ்கிட்ட நேர்ல சொல்றதுக்காக. ஹாலிவுட் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அதைப் படமா எடுக்க 1942-ல வந்தார். அந்தப் படப்பிடிப்புல தலைவரான ஜக்காரே கடல்ல விழுந்து இறந்துபோனார். முகுரிபேயில மீன் சாப்பிடும்போது இந்தக் கதை தெரிஞ்சிருந்தா, பேரம் பேசுற குரல் தானா இறங்கும்.

பெர்னம்புகோ: ரெண்டு பேர் மட்டும்

இதை வேகமா கடந்துடறேன். ஒலிண்டாவின் மேட்டுத் தெருவில் ஒஃபிசினா டோ சபோர். பரங்கிக்காயைக் குடைஞ்சு உள்ள இறாலை நிரப்பித் தர்றதுக்குப் பேர் பெற்ற இடம். போர்ட்டோ டி கலின்யாஸில் பெய்ஜுபிரா. அது ஒரு மீனோட பேர். ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்குக் கடல்விரால்னா தெரியும், அதே மீன்.

இந்த வட்டாரத்துலதான் 2019 ஆகஸ்ட் கடைசியில கச்சா எண்ணெய்க் கட்டிகள் கரை ஒதுங்க ஆரம்பிச்சுது. மக்கள் வெறுங்கையால அள்ளினாங்க. எண்ணெய் படாத மீனையும் யாரும் வாங்காம மீனவர்கள் மாதக்கணக்கில் தவிச்சாங்க. இன்னைக்கு அங்கே போய் ஒரு தட்டு மீன் சாப்பிடுறதே ஒரு சின்ன நல்ல காரியம்தான்.

சல்வடோர்: "சூடா, ஜில்லுனா?"

இப்ப கொஞ்சம் நிதானமா. 1549-லிருந்து 1763 வரைக்கும் பிரேசிலோட தலைநகரம் சல்வடோர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட மக்கள் இறங்கின பெரிய துறைமுகம். அவங்களோட வந்ததுதான் டென்டே, அதாவது செக்கச்செவேல்னு இருக்கிற செம்பனை எண்ணெய். ஊருக்குள்ள நுழைஞ்சதும் அந்த வாசனைதான்.

ரியோ வெர்மெல்யோ பகுதியில் சாயங்காலம் வெள்ளை உடையும் தலைப்பாகையுமா பெண்கள் உட்கார்ந்து அகராஜே போடுவாங்க. காராமணியை ஊற வச்சு, தோல் எடுத்து, அரைச்சு, வெங்காயம் உப்பு போட்டு நல்லா அடிச்சு, டென்டேயில பொரிக்கிறது. வடை சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்கு அறிமுகமே தேவையில்ல. அதை நடுவுல கீறி, வதபான்னு ஒரு மசியல், உலர்ந்த இறால் எல்லாம் வச்சுத் தருவாங்க. அங்கே அகராஜே டா தின்யா கடை ரொம்பப் பிரபலம். ஆனா வரிசை பெரிசா இருந்தா பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பெண்மணிகிட்டயும் தைரியமா வாங்குங்க.

"சூடா, ஜில்லுனா?"ன்னு கேட்பாங்க. நான் அப்பாவியா "சூடா"ன்னேன். அது காரம் போடவான்னு கேட்கிற கேள்வி! ஆந்திரா மெஸ்ல வளர்ந்த நாக்குதான், இருந்தாலும் கண்ல தண்ணி வந்துடுச்சு.

சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள சீரியஸ் ஆயிடுச்சு. நண்பன் "இறால் வேண்டாம்"னு கத்துவச்ச போர்ச்சுகீசியத்துல சொன்னான். அந்த அம்மா மேல வைக்கிற இறாலை ஒதுக்கிட்டாங்க. அவன் கையை நீட்டினான். அவங்க கொடுக்கல. "பிடிக்கலையா, இல்ல ஒத்துக்காதா?"ன்னு தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கேட்டாங்க. இவன் தலையாட்டினதும் வதபாவைக் காட்டி, அதுலயும் இறாலை அரைச்சுப் போட்டிருக்குன்னு விளக்கினாங்க. வெண்டைக்காய்க் கருருவிலும் உண்டு. கடைசியில அவன் கையில ஒரு தேங்காய் மிட்டாயைக் கொடுத்துட்டு, காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க.

எந்த ஆப்லயும் அந்த ஃபில்டர் கிடையாது. "இறால் இல்லாம"ன்னு தேடியிருந்தா மேல வைக்கிற இறாலோட நின்னிருக்கும். உள்ள அரைச்சுப் போட்டிருக்கிறதைச் செஞ்சவங்களாலதான் சொல்ல முடியும்.

அகராஜே விற்கிற பெண்களோட தொழிலை 2005-ல பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டு மரபா பதிவு பண்ணுச்சு. ஆனா 2014 உலகக் கோப்பை வந்தப்ப, ஃபிஃபா விதிப்படி ஸ்டேடியத்தைச் சுற்றி அவங்க விற்க முடியாத நிலை. அவங்க சங்கமா சேர்ந்து போராடி அனுமதி வாங்கினாங்க. தெருக்கடைன்னு நாம லேசா சொல்ற ஒண்ணுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

உட்கார்ந்து சாப்பிடணும்னா அதே பகுதியில் சமையல் கலைஞர் தெரேசா பைம் நடத்துற காசா டி தெரேசா. பாயியா மொகேக்கா அங்கே சாப்பிடலாம்: மீன், தேங்காய்ப்பால், டென்டே, குடைமிளகாய், கொத்தமல்லி. கொதிக்கக் கொதிக்க வரும். ஒரு எச்சரிக்கை: டென்டே பழகாத வயித்துக்கு கனம். முதல் நாளே மூணு வேளையும் வேண்டாம்.

விட்டோரியா: சட்டியிலிருந்து தொடங்கு

பாயியாவுக்குத் தெற்கே எஸ்பிரிட்டோ சான்டோ மாநிலம். சுற்றுலாக்காரங்க பெரும்பாலும் தாண்டிப் போயிடுற ஊர். எங்க டீம் நண்பர் பிறந்த ஊர்ங்கிறதால தாண்ட முடியல. "மொகேக்கான்னா எங்களுதுதான், மத்ததெல்லாம் வெறும் மீன் குழம்பு"ன்னு அந்த ஊர்ல ஒரு பிரபலமான பேச்சு உண்டு. பாயியாக்காரங்க முன்னாடி சொல்லிடாதீங்க.

இவங்க மொகேக்காவில் தேங்காய்ப்பாலும் கிடையாது, டென்டேயும் கிடையாது. தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, நிறத்துக்கு உருகூம்னு ஒரு சிவப்பு விதை. தண்ணிகூட ஊத்த மாட்டாங்க. மீனும் தக்காளியும் விடுற சாறுலயே வேகும். மறைக்க ஒண்ணும் இல்லாததால மீன் பழசா இருந்தா முதல் வாயிலேயே தெரிஞ்சிடும்.

ரகசியம் சட்டியில இருக்கு. ஏர்போர்ட் பக்கத்துலயே கொய்யாபேய்ராஸ்னு ஒரு பகுதி. கொய்யா மரங்கள்னு அர்த்தம். நம்ம "கொய்யா" வந்ததும் அந்தச் சொல்லிலிருந்துதான். அங்கே பெண்கள், பழங்குடி மக்களிடமிருந்து வந்த முறையில, சக்கரம் இல்லாம கையாலேயே சட்டி வனையுறாங்க. கூழாங்கல்லால தேய்ச்சு வழவழப்பாக்கி, திறந்தவெளியில நெருப்பு மூட்டிச் சுடுறாங்க. சூடு ஆறுறதுக்குள்ள அலையாத்தி மரப்பட்டை ஊறின தண்ணியை அடிக்கிறாங்க. பட்டையிலிருக்கிற டானின் சட்டியைக் கறுப்பாக்கி, நுண்ணிய துளைகளை அடைக்குது. சட்டி மேசைக்கு வந்த பிறகும் ரொம்ப நேரம் கொதிச்சுக்கிட்டே இருக்கும். 2002-ல பிரேசில் தன்னோட முதல் பண்பாட்டுத் தொழில் மரபா பதிவு பண்ணினது இந்தப் பெண்களோட வேலையைத்தான்.

சாப்பிட விட்டோரியாவில் பிரோன் ரெஸ்டாரன்ட், கொஞ்சம் தெற்கே மெயாயிப்பே கடற்கரையில் கேட்டா. பிரோன்ங்கிறது மீன் சாறுல மரவள்ளி மாவைக் கிண்டின களி. கூடவே நேந்திரம் மாதிரி வாழைப்பழத்துல ஒரு குட்டி மொகேக்கா. வெஜ் நண்பர்களுக்கும் வழி இருக்கு.

இங்கே முதல் தடவையா என் நண்பன் நிம்மதியா சாப்பிட்டான். சர்வர் உள்ள போய்க் கேட்டுட்டு வந்து, சாறு மீன் தலையில மட்டும் எடுத்தது, சட்டி தனின்னு சொன்னார். அவன் சட்டியை வழிச்சு நக்காத குறை. "மச்சான், பத்து நாள் கழிச்சு இன்னைக்குத்தான்டா பயமில்லாம சாப்பிடுறேன்"னான்.

ஆனா இந்தக் கரைக்கும் ஒரு காயம் இருக்கு. 2015 நவம்பர் 5-ல பக்கத்து மாநிலத்துல இரும்புச் சுரங்கக் கழிவு அணை உடைஞ்சு 19 பேர் இறந்தாங்க. அந்தச் சேறு டோசே ஆறு முழுக்க ஓடி, ரெஜென்சியா என்ற ஊர்ல, இதே மாநிலத்துக் கடல்ல கலந்துச்சு. 2016-ல முகத்துவாரத்தை ஒட்டி மீன்பிடிக்க நீதிமன்றம் தடை போட்டுச்சு. "இந்த மீன் எங்கே பிடிச்சது?"ன்னு அந்த ஊர்ல கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அவங்களே கேட்கிற கேள்வி அது.

ரியோ, பராட்டி

ரியோவில் பணக்கார ரெஸ்டாரன்ட் நிறைய உண்டு. நான் சொல்றது 1939-லிருந்து இருக்கிற பார் உர்கா. கீழ்த்தளக் கவுன்டர்ல இறால் வச்ச பாஸ்டெல் வாங்கிட்டு, எதிர்த்தாப்புல கடலோரக் கட்டைச்சுவர்ல உட்காருங்க. முன்னாடி குவானபாரா விரிகுடா. டேபிள் தேவையில்ல.

நண்பன் லீவு முடிஞ்சு ரியோவிலிருந்தே கிளம்பிட்டான். பராட்டியில நான் தனி. பனானா டா டெர்ரா ரெஸ்டாரன்ட் அங்கே பேர் பெற்றது. அந்த ஊர் சிறப்பு கமரோன் கசதின்யோ: ரெண்டு பெரிய இறாலுக்கு நடுவுல மரவள்ளி மாவு மசாலா வச்சு, ஜோடியா கட்டிப் பொரிக்கிறது. இன்னொண்ணு அசுல்-மரின்யோ, அதாவது "கடல் நீலம்". வாழைக்காயை மீனோட இரும்புச் சட்டியில வேக வச்சா, காய்ல இருக்கிற டானினால குழம்பு நீலமாகும். கடற்கரைக் கிராமத்து ஏழைச் சாப்பாடு. படத்துக்கு அழகா இருக்காது, நாக்குக்கு இருக்கும்.

தெற்கு: சிப்பியும் டால்பினும்

ஃப்ளோரியனாபோலிஸ் தீவோட தென்பக்கம் ரிபெய்ரோன் டா இல்யா. அசோர்ஸ் தீவுகள்லேருந்து 18-ம் நூற்றாண்டுல வந்தவங்க குடியேறின பழைய தெரு. பிரேசில்ல வளர்க்கிற ஆய்ஸ்டர்ல 90 சதவீதத்துக்கு மேல இந்த சான்டா கதரீனா மாநிலத்துலதான். அங்கே இருக்கிற ஃபெடரல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் சிப்பிக் குஞ்சு வளர்த்து மீனவர்களுக்குக் கொடுத்ததுல வளர்ந்த தொழில் அது. ஒஸ்ட்ரடாமஸ் ரெஸ்டாரன்ட்ல உட்கார்ந்தா, ஜன்னலுக்கு வெளியே தண்ணியில சிப்பிப் பண்ணையோட மிதவைகள் தெரியும். கடல்ல நச்சுப்பாசி வந்தா மாநில அரசு அறுவடையை நிறுத்திடும். அந்த அறிவிப்பைப் பார்த்துட்டுப் போங்க.

இன்னும் தெற்கே லகுனா. குளிர்காலத்துல மடவை மீன் வரும். மீனவர்கள் இடுப்பளவு தண்ணியில வீச்சு வலையோட காத்திருப்பாங்க. டால்பின்கள் மீன்கூட்டத்தை அவங்க பக்கம் தள்ளிட்டு வந்து, சட்டுன்னு மூழ்கி சைகை காட்டும். அப்பதான் வலை விழும். வலைக்குத் தப்பிச் சிதறுற மீன் டால்பினுக்கு. ரெண்டு தரப்புக்கும் லாபம்னு 2023-ல வந்த ஓர் ஆய்வு உறுதி பண்ணுச்சு. அங்கே ஒரு சின்னக் கடையில சாப்பிட்ட வறுத்த மடவைக்கு என் ஷீட்ல இடமே இல்ல.

போறவங்களுக்கு அஞ்சே விஷயம்

ஒண்ணு: மொகேக்கா மாதிரி சட்டிகள் பெரும்பாலும் ரெண்டு பேருக்கு. தனியா போனா பாதி கிடைக்குமான்னு கேளுங்க.

ரெண்டு: பீச் கடையில உட்கார்றதுக்கு முன்னாடியே விலை, நாற்காலி வாடகை எல்லாம் கேளுங்க. நான் ஒரு இடத்துல "இன்னைக்கு வந்த மீன்"னு சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினேன். எடை போட்டு வந்த பில்லைப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி பிஸ்கட்தான். தப்பு பாதி என்னோடது, கேட்கலை.

மூணு: பில்லுல 10 சதவீத சர்வீஸ் இருக்கும். அது கட்டாயமில்ல, ஆனா நல்லா கவனிச்சா கொடுங்க.

நாலு: மெனுவில் "கசோன்"னு மலிவா ஒரு மீன் இருந்தா, அது சுறா, சில நேரம் திருக்கை. சுறாப்புட்டு சாப்பிடுற நமக்கு அதிர்ச்சி இல்ல. ஆனா சுறான்னே தெரியாம வாங்குறவங்க அங்கே நிறைய. அழியுற நிலையில இருக்கிற இனங்களும் அதே பேர்ல போகும். தெரிஞ்சு முடிவெடுங்க.

அஞ்சு: அலர்ஜி இருந்தா "வேண்டாம்"னு சொல்லாதீங்க, "ஒத்துக்காது"ன்னு சொல்லுங்க. "டெங் கமரோன்?" அதாவது "இறால் இருக்கா?" இதை எழுதி வச்சுக்கோங்க. சாறு, எண்ணெய், மசியல் மூணையும் தனித்தனியா கேளுங்க.

ஊருக்கு வந்ததும் டீம் நண்பர் ஷீட் என்னாச்சுன்னு கேட்டார். 43-ல நாங்க போனது ஆறே இடம்தான். மீதியெல்லாம் வழியில கேட்டுக் கேட்டுப் போனது. என் ரூம்மேட் பையிலிருந்த ஊசி பிரிக்காமலேயே திரும்பி வந்துச்சு. எனக்கு அந்தப் பயணத்தோட ரேட்டிங் அதுதான்.

நீங்க எந்த ஊர்ல, எந்தச் சட்டியில சாப்பிட்டது இன்னும் ஞாபகத்துல இருக்கு? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். இப்ப போய்ச் சாப்பிடுங்க மக்களே.